கண்ணாடி ஓடு பன்னிரண்டு

வெளிச்சத்தின் விலை ஓடு ஒன்றுக்கு நாற்பத்தைந்து ரூபாய். கோவிந்தராஜுலு முப்பத்தைந்துக்குக் கேட்டார். சூரியன் என்னவோ எல்லோருக்கும் இலவசம்தான். அது கூரைக்குள் இறங்குவதற்குத்தான் இந்தக் கூலி. ஓட்டுக் கடைக்காரர் அழுதார். இவர் எழுந்து செருப்பை மாட்டினார். கடைக்காரர் வாசல்வரை வந்து கையைப் பிடித்தார். கண்ணாடி ஓடு பன்னிரண்டு, நாற்பது வீதம் நானூற்று எண்பது. வழியில் உடைந்தால் மாற்றுவதற்கு ஒன்று இனாம்.

காந்திபுரத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார் கோவிந்தராஜுலு. வாஷர் வாங்க வந்தவனைப் பம்பு வாங்க வைத்து அனுப்பிய கை அது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஜன்னலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினார் என்றால் உள்ளே ஏதோ சங்கதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சங்கதியின் பெயர் சாய்ப்ரியா. மூத்த மகள், வயது இருபத்தாறு. பல்லடத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்துவிட்டாள்.

உண்மையில் அவள் இரண்டு தடவை வந்தாள். முதல் தடவை பையோடு வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் விசேஷம் ஒன்றுமில்லையா என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். அதனால் விருந்தாளி வந்தால் தன்னை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறார்கள் என்றாள். கோவிந்தராஜுலு அடுத்த ஞாயிறு பல்லடம் போனார். மூன்று மணி நேரம் பேசினார். வாரம் ஒரு போன், தீபாவளிக்குப் பத்து நாள் பிறந்த வீடு, தாழ்ப்பாள் இனிமேல் கிடையாது. மூன்றுக்கும் தலையாட்ட வைத்துவிட்டுத்தான் எழுந்தார். நல்ல வியாபாரம் என்ற நினைப்போடு திரும்பினார். மகளைக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், ஜன்னலோரம் சீட் பிடித்து உட்கார வைத்து, கண்டக்டரிடம் டிக்கெட்டும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து அவள் பை இல்லாமல் வந்தாள். தாழ்ப்பாள் என்ன ஆயிற்று என்று இவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மாறியிருந்தது. கோவிந்தராஜுலு குடும்பத்தில் வீட்டுக்குத் தெலுங்கு, கடைக்குத் தமிழ். அன்றிலிருந்து சாய்ப்ரியா அப்பாவிடம் தமிழில்தான் பேசினாள், அதுவும் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற மரியாதைத் தமிழில். அப்பாவைக் கூப்பிடுகிற 'நைனா' மட்டும் தெலுங்காக மிஞ்சியிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் பருத்திப் புடவைகளை விரித்துப் பூவும் கொடியும் வரைந்து கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். மேஜை போதவில்லை. இதற்கிடையில் தம்பி சசிதருக்குப் பெண் பேச்சு வந்தது. தை பிறந்ததும் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள்.

"வருகிறவர்கள் கண்ணில் முதலில் இவளா படவேண்டும்?" என்றாள் மனைவி ராமாமணி, மெதுவாக.

"பின்னால் தோட்டத்தில் தனியாக ஒரு அறை கட்டிக் கொடுத்துவிடலாம்" என்றார் கோவிந்தராஜுலு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வேலைக்கு இடமும் ஆயிற்று, வந்தவர் கண்ணுக்கு மறைவும் ஆயிற்று. மூன்றாவதாக ஒரு மாங்காயும் அவர் மனதில் இருந்தது. இந்த அறையை மகள் வாங்கிக்கொண்டால் அந்தப் பல்லடம் டிக்கெட் நேராகிவிடும் என்று நம்பினார்.

கேட்டிலிருந்து வீட்டுப் பக்கச் சந்து வழியாக நேரே தெரிகிற கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் கொத்தனார் செங்கோட்டையன் கயிறு பிடித்தார்.

"பத்துக்குப் பத்து போதும். ஹாலோ பிளாக் வெச்சு, மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு" என்றார் கோவிந்தராஜுலு.

"சீட்டுக்குக் கீழ சித்திரையில உக்காந்தா நான் அப்பளந்தானுங்க நைனா" என்றாள் சாய்ப்ரியா. "ஓடு போடுங்க. நீளம் இருபது அடி வேணும். பொடவையே பதினெட்டு அடி."

"மடிச்சுப் போட்டு வரையறது?"

செங்கோட்டையன் சிரித்துவிட்டார். "ஏனுங்க, மடிச்ச துணியில வரைஞ்சா அடுத்த மடிப்புலயும் பூப் பூத்துருமுங்களே."

இருபது அடிக்கும், செங்கல்லுக்கும், ஓட்டுக்கும் ஒப்புக்கொண்டார். ஜன்னல் பேச்சு வந்தபோதுதான் கால் ஊன்றினார். மகள் வாசல் கேட்டைப் பார்த்த சுவரில் ஜன்னல் கேட்டாள்.

"அந்தப் பக்கம் தூசி கண்ணு."

"தூசி கேட்டு வழியா மட்டுந்தான் வருங்களா?"

"பொடவையெல்லாம் பாழாயிரும். வெளிச்சந்தானே வேணும்? மேல கண்ணாடி ஓடு போட்டுத் தாரேன். ஆறு கேட்டா பன்னெண்டு போட்டுத் தாரேன்."

சாய்ப்ரியா கேட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். பேரம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் முடிந்த பேரத்தைக் கிளறுவது அவர் குடும்ப வழக்கமில்லை.

சுவர் எழும்பியதும் கதவு பார்க்க இருவரும் ஸ்கூட்டரில் உக்கடம் போனார்கள். வளைவுகளில் அவள் கை இவர் தோளைப் பிடித்துக்கொண்டது.

இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களை வாங்கி விற்கிறவர் ஷேக் பரீத். கடையில் கதவுகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன, ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி.

"வாங்க மொதலாளி. அம்மணியும் வந்திருக்குது. டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் பாய். டீக் காசைக் கதவுல ஏத்திருவீங்க."

"உங்ககிட்ட ஏத்தறதுங்களா? போன வருசம் ஒரு கிலோ ஆணி வாங்கினீங்க. கொண்டை நசுங்கினதுக்குத் தனியாத் தள்ளுபடி கேட்டீங்க. அம்மணி, உங்கப்பா வந்துட்டுப் போனா அன்னிக்கு நாங்க நோம்புங்க."

சாய்ப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் சிரிப்பு. இந்தச் சிரிப்புக்கு இன்னும் இரண்டு கதவுகூட வாங்கலாம் என்று தோன்றியது கோவிந்தராஜுலுவுக்கு.

நீலப் பெயிண்ட் உரிந்த தேக்குக் கதவு ஒன்றை அவள் விரல் முட்டியால் தட்டினாள். கணீரென்று கேட்டது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடியே, "நைனா, இது" என்றாள்.

"அம்மணி கண்ணுன்னா கண்ணு" என்றார் பரீத். "செட்டியார் ஊட்டுக் கதவுங்க, நெலவுச் சட்டமும் அதோடதே. பெயிண்டைச் சுரண்டி எண்ணெய் போட்டுத் தந்தர்றேன். தாப்பாள் எந்தப் பக்கமுங்க? உள்ளயா, வெளியவா? ரெண்டு பக்கமும்னா அறுவது ரூவா சேருமுங்க."

கோவிந்தராஜுலு ஆயுளில் வாங்கிய கதவெல்லாம் குடோன் கதவு. சரக்கு உள்ளே, பூட்டு வெளியே. அதற்கு மேல் அறுபது ரூபாய் மிச்சம். யோசிக்கவே இல்லை.

"வெளிய மட்டும் போதும் பாய்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதுக்கே வந்து சேர்ந்தது. சாய்ப்ரியாவின் கை கதவிலிருந்து இறங்கியது. அவள் பக்கத்தில் இருந்த பழைய ஜன்னல் கம்பியில் துரு உரிவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல பாய், உள்ள. உள்ளதான். ரெண்டாப் போடுங்க."

"ஒண்ணு போதுங்க" என்றாள் அவள், பரீத்திடம்.

"மூவாயிரத்து இருநூறுங்க" என்று பரீத் பேரத்துக்குத் தயாராகத் தோளைத் தளர்த்திக்கொண்டார். கோவிந்தராஜுலு மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி நீட்டினார்.

பரீத் வாங்கவில்லை. "மொதலாளி, நான் இன்னும் மொத வெலதானுங்க சொல்லியிருக்கேன்."

"சரி."

"ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"வாங்கிக்குங்க பாய்."

வாங்கிக்கொண்டார். பிறகு மனசு கேட்காமல் இருநூறைத் திருப்பி அவர் சட்டைப்பையில் திணித்தார். "மொத வெலைய முழுசா வாங்கிப்போட்டு நான் எங்க போய்த் தூங்கறது?"

முதல் விலைக்கு ஒத்துக்கொள்கிறவன் ஒன்று ஏமாளி, இல்லை குற்றவாளி. கோவிந்தராஜுலுவை ஏமாளி என்று கோயமுத்தூரில் யாரும் சொன்னதில்லை.

திரும்பும்போது வளைவுகளில் அவள் பின்னாலிருந்த ஸ்டெப்னிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கேட்டைப் பார்த்த சுவருக்கு முன் நின்று அவர் சொன்னார்: "செங்கோட்டையா, இந்த எடத்துல ஜன்னல் வேணும். பெருசா."

"ஏனுங்க, செவுரு எந்திரிச்சு நிக்குதுங்க. அம்மணி மொதல்லயே கேட்டதுதானுங்களே?"

"இப்ப நான் கேக்கறேன்."

"இடிக்கிற கூலி தனியாகுமுங்க."

"ஆகட்டும்."

செங்கோட்டையன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார். "எத்தனைன்னு கேக்கலீங்களே!"

"கேக்கல. இடி."

சம்மட்டிச் சத்தத்துக்கு ராமாமணி ஓடிவந்தாள். கேட்டிலிருந்து பார்த்தால் நேரே உள்ளே தெரியுமே என்றாள். அவர் அங்கேயே நின்றார், செங்கல் பொடி வேட்டியெல்லாம் படிய.

தை இரண்டாம் ஞாயிறு காலை பெண் வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். கேட்டைத் திறந்ததுமே ஜன்னல். ஜன்னலுக்குள் சாய்ப்ரியா குனிந்து புடவையில் ஒரு மயிலுக்குக் கழுத்து போட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா நின்றுவிட்டாள்.

"அது யாருங்க?"

இந்தக் கேள்விக்கு மூன்று பதில் தயாராக வைத்திருந்தார் கோவிந்தராஜுலு. தூரத்துச் சொந்தம். வேலைக்கு வருகிற பெண். லீவுக்கு வந்த மகள். மூன்றுமே நல்ல சரக்கு, விலைபோகக்கூடியவை.

"மூத்தவ. பல்லடத்துல இருந்து வந்துட்டா. இனி எங்ககூடத்தான் இருக்கா" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

காபி குடித்தார்கள். வீடு நல்லாருக்குங்க என்றார்கள். "கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்று எழுந்தார்கள். விலையை மட்டும் கேட்டுவிட்டு "வாரேனுங்க" என்று போகிறவன் திரும்ப வருவதில்லை என்று முப்பது வருஷம் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாதா? ராமாமணி அடுக்களையில் பாத்திரங்களோடு பேசினாள். சசிதர் மட்டும் தோட்டத்துப் பக்கம் போய் அக்காவின் மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தான்.

சாயங்காலம் கோவிந்தராஜுலு அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. தான் கட்டிய அறைதான்.

"வாங்க நைனா" என்றாள். இருபது அடி மேஜையில் புடவை முழுசாக விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் எண்ணி மடித்த நோட்டுகள். எடுத்து நீட்டினாள்.

"என்ன கண்ணு இது?"

"வாடகைங்க. மாசம் நூத்தம்பது. கட்டுபடியாகலைன்னா சொல்லுங்க, பேசிக்கலாம்."

"நம்ம ஊட்டுல நீ வாடகை குடுக்கறதா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சும்மா இருக்கறவளப் போன்னு சொன்னா அன்னிக்கே பஸ் ஏறணுங்க. வாடகைக்கு இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லணும். கட்டடக்காரர் உங்க கடையக் காலி பண்ணச் சொன்னப்போ நீங்கதானுங்க அவருகிட்டச் சட்டம் பேசினீங்க."

"நான் சொல்ல மாட்டேன் அம்மணி."

"சொன்னீங்களே நைனா."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். கோபத்தோடு பேரம் பேசிப் பழக்கம் உண்டு. கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நூறு ஒன்று, ஐம்பது ஒன்று.

"ஜன்னல் நல்லாருக்குதுங்க" என்றாள், தூரிகையைத் துடைத்தபடி. "பக்கவாட்டுல வெளிச்சம் வந்தாத்தான் பச்சை பச்சையாத் தெரியுது."

"ம்."

"காலைல அவங்ககிட்டச் சொன்னதும் கேட்டுச்சு." தூரிகையை டப்பாவில் போட்டாள். "இருநூறு எடுத்து வெச்சிருந்தேன். அதைக் கேட்டப்பறம் அம்பதைக் கொறைச்சுட்டேன்."

அவர் தலையாட்டினார். வெளியே வந்ததும் கதவைச் சாத்தப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். அது அவள் வேலை. கொய்யா மரத்தடியில் நிற்கும்போது உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், வழுக்கிக்கொண்டு விழுந்தது.

வீட்டுக்கு நடக்கையில் பழக்கதோஷத்தில் மனசு கூட்ட ஆரம்பித்தது. கதவு மூவாயிரம். கண்ணாடி ஓடு நானூற்று எண்பது. ஜன்னலும் சுவர் இடித்த கூலியுமாக ஆயிரத்து நூறு. வரவு, வாடகை நூற்றைம்பது; தள்ளுபடி ஐம்பது. பல்லடத்துக்கு டிக்கெட் ஒன்று, ஆறு ரூபாய் ஐம்பது காசு. அது பாக்கி.