மூடி மாறிய தட்டு

அம்மா காசநோயில் இருமிக் கிடந்த ஒற்றை அறையில்தான் அக்காவும் தங்கையும் வளர்ந்தார்கள். தங்கையை நோய் பிடித்தது. அக்காவைத் தொடவே இல்லை. "பெரியவ எட்டியே நின்னிருப்பா" என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். காசநோய்க்காவது மருந்து உண்டு, அந்த வாய்களுக்குக் கிடையாது. அம்மா போய் இருபது வருடமாகியும் அந்தப் பேச்சு அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

தங்கை பிழைத்து, படித்து, ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். நோயாளியின் பக்கத்திலேயே இருந்தும் நோய் வராதவர்களின் ரத்தத்தில், கிருமியின் புரதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது அவள் வேலை. ஏற்கெனவே மோதிய எதிரி என்றால் ரத்த அணுக்கள் சும்மா இருக்காது. சோதனைத் தட்டில் வரிசையாக உள்ள சிறு குழிகளில் நீலப் புள்ளிகள் விழும். காப்பாற்றியது எந்தப் புரதம் என்று தெரிந்தால் நல்ல தடுப்பூசிக்கு வழி பிறக்கும். முன்னூறு புரதம் பார்த்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை. மிச்சமிருந்த புரதங்களோடு கடைசித் தட்டில் அக்காவின் ரத்தம். இதுவும் கைவிட்டால் தேடலை நிறுத்திவிடுவதாகத் தலைவி சொல்லிவிட்டார். அவருக்குக் 'கறார்' என்று பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை.

தட்டு தயாரானது. எதுவுமே சேர்க்காத முதல் குழியில் புள்ளிகள் மொய்த்தன. யார் ரத்தமானாலும் கட்டாயம் புள்ளி விழவேண்டிய கடைசிக் குழி காலி.

"கெட்டுப்போச்சு. தூக்கிப் போடு" என்றார் கறார்.

குப்பைத் தொட்டிவரை போனவள் நின்றாள். தட்டின் வெட்டுப்பட்ட மூலை, மூடியில் அவள் எழுதிய 'ஒன்று' பக்கம் இருக்கவேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தது. 'தட்டில் எழுது, மூடியில் எழுதாதே' என்பது இங்கே முதல் நாள் பாடம். அவசரத்தில் மூடியில் எழுதித் தொலைத்துவிட்டு, கழுவும்போது கழற்றியதைத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

மறைக்கத் தோன்றாமலில்லை. ஆனாலும் போய்ச் சொன்னாள்.

"தப்பு என்னோடது மேடம். மூடி மாறிப்போச்சு. தட்டைத் திருப்பினா எல்லாம் சரியா வருது. இந்தத் தட்டுல நாப்பதாவது புரதத்துல புள்ளி கொட்டிக் கிடக்கு."

"அக்கா ரத்தம்னு திருப்பறியா?"

"என்னை நம்பவேண்டாம் மேடம். மறுபடி செய்யலாம். எது யார் ரத்தம்னு எனக்குத் தெரியவே வேண்டாம்."

ஊசியைக் கண்டாலே கண்ணை இறுக மூடிக்கொள்ளும் அக்கா முணுமுணுத்தபடி வந்தாள். "என் ரத்தம் என்ன தண்ணிக் குழாயா, நெனச்சப்பல்லாம் பிடிக்க?"

நோய் வராத ஆறு பேர் ரத்தத்தைப் பெயர் மறைத்துச் சோதித்ததில், நான்கில் அதே புரதத்துக்குப் புள்ளி விழுந்தது. நான்கில் ஒன்று அக்காவுடையது.

"தடுப்பூசி வர வருஷக்கணக்காகும். ஆனா தேடலை நிறுத்தல" என்றார் கறார். "இனிமேலாவது தட்டுல எழுது."

சாயங்காலம் தங்கை நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"இந்தப் புரதம் நம்ம சின்ன வயசுத் தடுப்பூசியில கிடையாது அக்கா. கிருமி உள்ள வந்தாத்தான் ரத்தம் இதைத் தெரிஞ்சு வச்சிருக்கும்."

"அப்போ எனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு. உன் உடம்பு அடக்கிருச்சு."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் எட்டி நிக்கலடி. மடியில சாச்சு வச்சுத்தான் ஊட்டினேன். அம்மா மூச்சு என் முகத்துலயே படும்."

"தெரியும் அக்கா. இப்போ தட்டுலயும் இருக்கு."

அக்கா வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊசி குத்திய கையை அவளே நீட்டினாள்.

"இன்னும் வேணும்னா எடுத்துக்கோ."