மெல்லிசாய் ஊற்றிய பிளேட்

வட்டம் இருந்தது.

சின்னவள் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள். கண்ணை ஒரு தரம் இறுக மூடித் திறந்து, மறுபடி பார்த்தாள்.

சந்தேகமே இல்லை. சாம்பல் படலமாய்க் கிருமி மண்டிக் கிடந்த அந்த வட்டத் தட்டில், ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டது போல் தெளிவு.

பொட்டு என்றால் காகிதப் பொட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். தட்டில் தீனியை ஜெல்லியாய் உறைய வைத்து, அதன்மேல் கிருமியைப் பூசி, பொட்டுகளை வைத்து, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் விட்டுவிட்டால் மறுநாள் காலை தெரிந்துவிடும். மருந்துக்குக் கிருமி பயந்தால் பொட்டைச் சுற்றி வட்டம் விழும். பயப்படாவிட்டால் பொட்டின் விளிம்பு வரை வந்து, உட்கார்ந்து, காலை நீட்டிக்கொள்ளும்.

இந்தக் கிருமி எல்லாப் பொட்டின் விளிம்பிலும் காலை நீட்டியிருந்தது. ஒன்றைத் தவிர.

கிருமி வந்தது அக்காவின் ரத்தத்திலிருந்து.

பித்தப்பைக் கல்லுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் என்று சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கா. இப்போது இரண்டு மாடி மேலே, ஐ.சி.யூ.வில், ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். கொடுத்த மருந்து எதற்கும் ஜுரம் மசியவில்லை.

சின்னவள் அதே ஆஸ்பத்திரியின் கிருமி லேபில் டெக்னீஷியன். அந்த லேபில் ஒரு சட்டம் உண்டு. முதலில் கண்ட்ரோல், அப்புறம்தான் நோயாளி. கண்ட்ரோல் என்பது சாதுவான ஒரு கிருமி. எந்த மருந்துக்கு அது எவ்வளவு பெரிய வட்டம் விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதே நாளில், அதே தீனியில் அதையும் வளர்ப்பார்கள். அதன் வட்டங்கள் கணக்குக்குள் வந்தால்தான் அன்றைக்கு அளந்த மற்றதெல்லாம் நிஜம். வராவிட்டால் அத்தனையும் குப்பைக்கூடைக்கு.

அன்று காலை அடுக்கில் மேலே இருந்தது கண்ட்ரோல் பிளேட்தான். சின்னவள் அதைத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டு, அடியிலிருந்ததை உருவினாள்.

ஸ்கேலை வைத்து அளந்தாள். மருந்து கேட்கும் என்று சொல்வதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. வட்டம் அதைத் தாண்டியிருந்தது. மயிரிழைதான். தாண்டினால் தாண்டியதுதானே!

கை போனுக்குப் பறந்தது.

“டாக்டர், லேப்ல இருந்து பேசுறேன். எங்கக்காவுக்கு ஒரு மருந்து கேக்குது.”

“எது?”

சொன்னாள். மறுமுனையில் ஐ.சி.யூ. டாக்டர் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது.

“அதுவா? அவங்க கிட்னி ஏற்கெனவே தள்ளாடிட்டிருக்கும்மா. இந்த மருந்து கிட்னியைப் பதம் பாக்காம விடாது. நிச்சயமா கேக்கும்னாதான் கையில எடுப்பேன். கேக்குமா?”

“கேக்கும் டாக்டர்.”

“ரிப்போர்ட்?”

“மத்தியானத்துக்குள்ள அனுப்புறேன். நீங்க ஆரம்பிச்சிடுங்க.”

படியில் இரண்டிரண்டாய்த் தாவினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க அவள் கால்கள் சம்மதிக்கவில்லை.

ஐ.சி.யூ. வாசலில், பிளக் பாயின்ட்டை ஒட்டிய நாற்காலியில் மாமா. அக்காவின் கணவர். அந்த நாற்காலியை விட்டால் வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று சாப்பிடக்கூடப் போகாதவர். தாடியும் சார்ஜர் வயருமாக உட்கார்ந்திருந்தார்.

“மாமா, மருந்து கிடைச்சிடுச்சு!”

மாமா எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். “ஏம்மா, நிஜமாவா? எனக்காகச் சும்மா சொல்லலையே?”

“என் கண்ணால பாத்தேன் மாமா.”

மாமா போனை எடுத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்துவிட்டார். “கிடைச்சிடுச்சுப்பா... ஆமா, கொழுந்தியாதான் கண்டுபிடிச்சா... ஆமா ஆமா, நம்ம சின்னவதான்!”

கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அக்காவின் கண்கள் மட்டும் மாஸ்க்குக்கு மேலே திரும்பின. அதில் இன்னும் குறும்பு மிச்சமிருந்தது.

“என்னடி கிருமி.” லேப் வேலை கிடைத்த நாளிலிருந்து அக்கா வைத்த பெயர் அது. மூச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “சோறு போட்டு வளக்குறியே... உன் ஆளுங்ககிட்ட சொல்லிவையேன். அக்காவை விட்டுடச் சொல்லி.”

“ஒரே ஒரு மருந்துக்குத்தான் பயப்படுறானுங்க அக்கா.”

“அது போதும்டி. உங்க மாமாகூட ஒரே ஒருத்திக்குத்தான் பயப்படுறாரு. குடும்பம் ஓடலையா?”

நர்ஸ் வந்து புது பாட்டிலை மாட்டினாள். முதல் சொட்டு குழாயில் இறங்கியது. சின்னவள் அது கைக்குள் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

லேபுக்குத் திரும்பியபோது அவளுடைய சக டெக்னீஷியன் நின்றிருந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செருகியிருப்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்கு ஸ்கேல் என்றே பெயர். அவள் ஓரமாய் வைத்துவிட்டுப் போன கண்ட்ரோல் பிளேட் இப்போது அவன் கையில்.

“வாங்க மேடம். நம்ம சாதுவுக்கு என்ன ஆச்சு?”

“ஏன்?”

“பாருங்களேன். எல்லா மருந்துக்கும் இன்னைக்குப் புலி வேஷம். இவ்வளவு பெரிய வட்டம் நான் பாத்ததே இல்ல. தினம் இப்படி விழுந்தா ஆஸ்பத்திரியை இழுத்து மூடிட்டு நாம வேற வேலை தேடலாம்.”

சின்னவள் பிளேட்டின் அருகே குனிந்தாள்.

ஸ்கேல் பிளேட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினான். பக்கவாட்டில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, ஜெல்லியின் கனத்தைப் பார்த்தான். இரண்டு முறை பார்த்தான். அவன் குரலிலிருந்து கிண்டல் போய்விட்டது.

“இந்த பேட்ச் யார் ஊத்தினது?”

அவள்தான் ஊற்றினாள்.

தீனி காய்ச்சுகிற மீடியா பவுடர் டப்பா அடி தெரிந்துகொண்டிருந்தது. புது டப்பா இன்னும் வரவில்லை. வழக்கமான மருந்துகளுக்கு ஒரு பிளேட் போதும். ஆனால் அக்காவுக்கு வழக்கம் போதுமா? ஃப்ரிட்ஜில் இருந்த எல்லா மருந்தையும் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி. அதற்குக் கூடுதல் பிளேட் வேண்டும், அதற்கேற்ற கண்ட்ரோலும் வேண்டும். குடுவையில் இருந்ததோ கொஞ்சம். அதனால் ஒவ்வொன்றிலும் துளித்துளி குறைத்து ஊற்றினாள். எல்லாத் தட்டும் நிறைந்தாற்போலத்தான் தெரிந்தது. கொஞ்சம் மெல்லிசு. கொஞ்சம்தானே?

ஜெல்லி மெல்லிசானால், கீழே இறங்க இடமில்லாத மருந்து பக்கவாட்டில் ஓடும். வட்டம் ஊதிப்போகும். லேபில் காலெடுத்து வைத்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற சங்கதி.

“நான்தான்,” என்றாள்.

“ரிப்போர்ட் போயிடுச்சா?”

“இல்ல.”

“அப்பாடா.”

“போன்ல சொல்லிட்டேன். மருந்து ஏறிட்டிருக்கு.”

ஸ்கேல் எதற்கும் ஒரு கமெண்ட் அடிக்காமல் விட்டதில்லை. லேப் தலைவரின் வழுக்கையைக்கூட ஒருமுறை அளந்து சொன்னவன். இப்போது ஸ்டீல் ஸ்கேலைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

“நிஜமாவே பெரிய வட்டமா இருக்கலாம் இல்ல?” சின்னவளின் குரல் அவளுக்கே கெஞ்சலாய்க் கேட்டது. “கொஞ்சம்தானே ஊதியிருக்கும்?”

“கோட்டை எவ்வளவு தாண்டுச்சு?”

“மயிரிழை.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “போன் பண்ணு.”

அவன் அவளை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை.

ஐ.சி.யூ. டாக்டர் முழுதும் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“மறுபடி வெச்சுப் பாக்குறோம் டாக்டர். நாளைக்குக் காலையில நிச்சயமாத் தெரிஞ்சுடும்.”

“அதுவரைக்கும்?”

“நிறுத்திடுறீங்களா?”

“நிறுத்திட்டு வேற எதைக் கொடுக்கட்டும்? உன் பிளேட்ல வேற எதுக்காவது வட்டம் விழுந்திருக்கா, சொல்லு.”

“இல்ல டாக்டர்.”

“ஓடட்டும்,” என்றார் டாக்டர். “நாளைக்குப் பாப்போம்.”

எதிர்ச்சாரி லேபில் கெஞ்சிக் கூத்தாடி ஸ்கேல் ஒரு டப்பா பவுடர் கடன் வாங்கி வந்தான். அவள் ஊற்றினாள், அவன் ஒவ்வொரு தட்டிலும் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தான். அக்காவின் கிருமியைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஓரம் விடாமல் பூசினாள்.

சாயங்காலம் மாமாவின் போன். “ஏம்மா, ஜுரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு! அவ நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

“சரி மாமா. சாப்பிடுங்க,” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை. இன்குபேட்டர் கதவு.

முதலில் கண்ட்ரோல். ஒவ்வொரு வட்டமாய் அளந்தாள். எல்லாமே கணக்குக்குள், கச்சிதமாக. ஒரு வட்டமாவது தப்பாக இருக்கக்கூடாதா என்று அவள் ஏங்கியது வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

அடுத்து அக்கா.

வட்டம் இருந்தது. கோட்டுக்கு எட்டவே இல்லை.

ஸ்கேல் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். தன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவனும் ஒருமுறை வைத்தான். இரண்டு ஸ்கேலும் ஒரே பேச்சுதான் பேசின.

“வேலை செய்யாது டாக்டர்,” என்றாள் போனில்.

“தெரிஞ்சுதான் இருக்கு. யூரின் பை ராத்திரியிலிருந்து காலியாத் தொங்குது.” டாக்டரின் குரல் களைத்திருந்தது. “டயாலிசிஸ் போடலாம். அது கிட்னிக்கு ஆச்சு. கிருமிக்கு?”

“என்கிட்ட ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“என்கிட்டயும் இல்லம்மா.”

அவள் கேட்டேவிட்டாள். “நேத்து நான் சரியாச் சொல்லியிருந்தா?”

அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல. “கிட்னி இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சிருக்கும். அந்தக் கொஞ்ச நாள்ல நமக்கு வேற மருந்து கிடைச்சிருக்குமா? எனக்குத் தோணல.”

அந்தக் கொஞ்ச நாள். அதை அவள் ஊற்றிக் கொட்டிவிட்டாள்.

படிகளை ஒவ்வொன்றாய் ஏறினாள். மாமா அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

“நேத்து வட்டம் இருந்துச்சே?”

“நான்தான் மாமா. அளவு கொறச்சு ஊத்திட்டேன். அதனால பொய்யாப் பெருசாத் தெரிஞ்சது. அந்த மருந்தும் கேக்காது. கிட்னியையும் அது கெடுத்துடுச்சு.”

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். மாமா சார்ஜரை சுவரிலிருந்து பிடுங்கினார். வயரை விரலில் சுற்றினார். சுற்றி முடித்ததைப் பிரித்து, மறுபடி சுற்றினார்.

“அத்தனை பேருக்கும் சொல்லிட்டேனேம்மா,” என்றார். “இப்ப போன் பண்ணி என்னன்னு சொல்ல?”

காலி நாற்காலியில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். மாமா அதைக் கவனிக்கவே இல்லை.

உள்ளே அக்காவின் முகம் உப்பியிருந்தது. கண் திறக்க நேரமாயிற்று.

“உன் மூஞ்சியே சொல்லுதுடி.”

“பிளேட்டை மெல்லிசா ஊத்திட்டேன் அக்கா. பவுடர் கம்மியா இருந்துச்சு. உனக்கு எல்லா மருந்தையும் பாத்துடணும்னு...”

அக்கா மாஸ்க்குக்குள் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாய் முடிந்தது. “நீ எப்பவும் இப்படித்தான். ஒரு டப்பா பெயின்ட்ல நாலு சுவரு அடிப்பே.”

“திட்டேன் அக்கா. நல்லாத் திட்டு.”

“மூச்சு வேணுமே.” அக்கா கண்ணை மூடினாள். “நேத்து சாயங்காலம் நான் வீட்டுக்குப் போயிட்டேன் தெரியுமா? படுத்துக்கிட்டே எல்லா ரூமையும் பெருக்கி முடிச்சுட்டேன்.”

சின்னவள் கையுறை போட்ட கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரப்பருக்குள் சூடு மட்டும்தான் தெரிந்தது.

“போ. போய் வேலையைப் பாரு,” என்றாள் அக்கா. “பக்கத்து பெட்டுக்காரருக்கும் காலையில ரத்தம் எடுத்தாங்க. அதுக்காவது கனமா ஊத்து.”

பக்கத்து பெட்டின் ரத்தத்திலும் கிருமி இருந்தது. கனமாகத்தான் ஊற்றினாள். அந்தப் பிளேட்டை அளக்கவேண்டிய காலையில், இன்குபேட்டர் கதவைத் திறந்து கண்ட்ரோலைக் கையில் எடுத்த நேரம், மேஜையில் போன் துடித்தது. மாமா.

“எடு,” என்றான் ஸ்கேல்.

அவள் எடுக்கவில்லை. அடுக்கில் அடுத்ததாக இருந்த பக்கத்து பெட்டுக்காரரின் பிளேட் ஓரக்கண்ணில் பட்டது. எல்லாப் பொட்டின் விளிம்பிலும், ஒன்றுகூடத் தப்பாமல், அதே சாம்பல் படலம். போன் நின்றது. மறுபடி துடித்தது.

“எடுடின்னு சொல்றேன்!”

சின்னவள் ஸ்கேலை வைத்துக் கண்ட்ரோலின் வட்டங்களை ஒவ்வொன்றாய் அளந்தாள். கடைசி வட்டம் வரைக்கும் அளந்தாள். பிளேட்டை மூடினாள். கையுறையைக் கழற்றினாள்.

“கண்ட்ரோல் சரியா இருக்கு,” என்று அவனிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்தாள்.