வால் கனம்

கார்த்திகேசன் கை நீட்டுவதற்குள் வெண்மதி குனிந்து அஸ்திக் கலயத்தை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மண் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"குடும்மா, மாமா வச்சுக்குறேன்."

"வேணாம் மாமா. எங்கிட்டயே இருக்கட்டும்."

சுடுகாட்டு வாசலில் நின்றவர்களிடம் கார்த்திகேசன் மறுபடியும் ஆரம்பித்தார். "மச்சான் தூங்கிட்டாருங்க. ஒரு செகண்டுதான். கண்ணு அசந்துட்டாரு." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியாகியிருந்தது.

கார்த்திகேசன் அவள் தாய்மாமன். பிச்சாவரம் பார்க்க வருகிறவர்களுக்கு ட்ரெய்லர் வாடகைக்கு விடுவது அவர் தொழில். சக்கரம் வைத்த சின்ன வீடு அது. உள்ளே இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. அதை ஜீப்பின் கொக்கியில் மாட்டி இழுத்துப்போவது வெண்மதியின் அப்பா பொன்னுரங்கம். தங்க வருகிறவர்கள் ஊர் சுற்ற பைக் கேட்கிறார்கள் என்று, ட்ரெய்லரின் பின்பக்கம் இரும்புச் சட்டம் பற்றவைத்து, அதில் சின்ன பைக் ஒன்றை ஏற்றிக் கட்டினார் கார்த்திகேசன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"கார்த்தி, பின்னால கனம் ஜாஸ்தியாப் போச்சு. கொஞ்சம் வேகம் புடிச்சா வால் ஆடுது, ஸ்டேரிங் கையில நிக்கல" என்று அப்பா சொன்னபோது வெண்மதிதான் இருவருக்கும் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். "பைக்க தனியா ஒரு குட்டியானை வண்டியில அனுப்பிடேன்."

"ஒண்ணும் ஆவாது மச்சான்" என்று சிரித்தார் மாமா. "சட்னி ஊத்தும்மா."

கடைசி நாள் காலையில், சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் அப்பா அவளை இறக்கிவிட்டார். கதவைச் சாத்தும்போது அப்பாவின் போனில் மாமாவின் குரல். "பார்ட்டி வந்து காத்துக்கினு கெடக்குது மச்சான். மாட்டுவண்டி மாதிரி வராத. மிதி."

புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு பாலத்தில் வால் ஆடி, கொக்கி கழன்று, ஜீப் பாலத்துச் சுவரில் போய் மோதியது. அப்பா அங்கேயே போய்விட்டார். ட்ரெய்லர் மட்டும் வயலில் இறங்கி அப்படியே நின்றுகொண்டது. பைக்கில் ஒரு கண்ணாடிதான் உடைந்திருந்தது.

இப்போது அதே ட்ரெய்லர் சுடுகாட்டுக்கு எதிரில், வேறொரு ஜீப்பில் மாட்டி நின்றது. பின்னால் அதே பைக். புதுக் கண்ணாடி. பிச்சாவரத்தில் நாளைக்கு ஆள் வருகிறார்களாம். கொள்ளிடத்தில் அஸ்தியைக் கரைத்துவிட்டு, திரும்புகிற வழியில் அதையும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இருந்தார் மாமா.

வெண்மதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நீ வேன்ல வாம்மா" என்றார் கார்த்திகேசன்.

"அப்பா கடைசியா இழுத்துட்டுப் போன வண்டி மாமா. அதுலயே போவட்டும்."

அத்தனை பேர் நடுவில் அவரால் மறுக்க முடியவில்லை. அம்மா பொன்னி கிட்டே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவங்கூடவா போற?"

"ஆமாம்மா. நீங்க பின்னால வாங்க."

கடலூர் டவுனைத் தாண்டியும் கார்த்திகேசன் மெதுவாக ஓட்டினார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. ஆலப்பாக்கம் கடந்ததும் வெண்மதி சொன்னாள்:

"மிதிங்க மாமா."

"எதுக்கும்மா? கையில என்னா வச்சினுக்கிற..."

"அப்பாவ மிதின்னு சொன்னீங்கல்ல? இப்ப நீங்க மிதிங்க."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "போன்ல கேட்டியா?"

"ஒண்ணும் ஆவாதுன்னுதானே சொன்னீங்க. எனக்குக் காட்டுங்க."

கோபமோ, ரோஷமோ, அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். காற்று உள்ளே அடித்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. அவர் உதட்டில் ஒரு சிரிப்புகூட வந்தது. அப்போது ஒரு பஸ் சர்ரென்று ஒட்டிக்கொண்டு முந்தியது. முதுகுக்குப் பின்னால் யாரோ பிடித்து உலுக்கியதுபோல் ஜீப் இடப்பக்கம் இழுத்தது. திருப்பினார். வலப்பக்கம் இழுத்தது. கண்ணாடியில் ட்ரெய்லர் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஐயோ! ஐயோ, ஆத்தா!"

வெண்மதி எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கலயத்தைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலை எடுத்தார். வண்டி தள்ளாடித் தள்ளாடி, மண்ணில் இறங்கி, புழுதி கிளம்ப நின்றது.

கார்த்திகேசன் ஸ்டேரிங்கை விடவில்லை. சட்டை வேர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"தூக்கம் வந்துச்சா மாமா?"

அவர் கண்ணாடியில் ட்ரெய்லரைப் பார்த்தார்.

"கண்ணு அசந்துட்டீங்களா?"

"என்னக் கொல்லப் பாத்தியாடி?" குரல் கீச்சிட்டது. "ரெண்டு பேரும் போயிருப்போம்!"

"போயிருந்தா நீங்களும் தூங்கிட்டீங்கன்னு எழுதியிருப்பாங்க."

பின்னால் வந்த வேன் நின்றது. அப்பாவின் அண்ணன் ராஜமாணிக்கம் குதித்து ஓடிவந்தார். "என்னா கார்த்திகேசா, வால் இந்த ஆட்டம் ஆடுது? பாத்துட்டு எங்களுக்கு உசுரே போயிடிச்சி!"

அவருக்குப் பின்னால் பொன்னி வந்தாள். வெண்மதி மாமனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லுங்க. அப்பா என்னா பண்ணாரு?"

ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கார்த்திகேசன் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "மச்சான் தூங்கல."

பொன்னி நின்ற இடத்திலேயே நின்றாள். "பதினஞ்சு வயசுலேர்ந்து உனக்குச் சோறு போட்டாருடா" என்றாள். சத்தமே இல்லை. "அவரு பேர்ல பழியப் போட்டியே, தூங்கிட்டாருன்னு."

"அக்கா..."

"நீ ஆத்தாங்கரைக்கு வராத."

"ஆத்தாங்கரைக்கு வேணாம். ஸ்டேஷனுக்கு வரட்டும்" என்றாள் வெண்மதி. "பெரியப்பா, இப்பவே கூட்டினு போங்க. இவரு வாயாலயே சொல்லட்டும். வண்டி அங்கயே நிக்கட்டும், பைக்கோட."

கார்த்திகேசன் சாவியைப் பிடுங்கப் பார்த்தார்; அது வரவில்லை. மறுபடி முயன்றார். ராஜமாணிக்கம் அவரை நகரச் சொல்லிவிட்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினார். ட்ரெய்லர் நடைவேகத்தில் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போனது.

வேனில் பொன்னி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொள்ளிடம் இன்னும் தூரம் இருந்தது.

"குடு, கொஞ்ச நேரம் நான் வச்சுக்குறேன்."

வெண்மதி கொடுக்கத்தான் நினைத்தாள். கைகள் பிரியவில்லை. விரல்கள் கலயத்தின் கழுத்தில் வெளுத்துப்போய் இறுகியிருந்தன.

பொன்னி சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.