ஓநாய்ச் சுரம்

லிபுஷே ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஓநாய் எங்கடா?" என்றாள்.

ரதிம் அவளுக்காகப் போட்டு வைத்த காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் இசையமைப்பாளர் மெதோத் ஸ்ட்ராகாவின் மகன். அப்பா இறந்த பிறகு, அவருடைய செல்லோ சொனாட்டா இசைக்கோவைகளை ஒலித்தட்டாகக் கொண்டுவரப் பாடுபடுகிறவன். ப்ர்னோ நகரத்து அரசு வானொலிக்காக, ஸ்டாலின் உயிரோடிருந்த காலத்தில் பதிவானவை அவை. பியானோவில் மெதோத், முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலினான செல்லோவில் லிபுஷே. அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் முதலில் வாசித்துப் பார்த்தவள் அவள்தான்.

ஏறக்குறைய எல்லாச் செல்லோவிலும் ஏதாவது ஒரு சுரத்தில் ஓர் ஓநாய் படுத்திருக்கும். அந்தச் சுரத்தை வில்லால் இழுத்ததும் மரப்பெட்டி நடுங்கி, நாதம் உடைந்து உறுமும். வாசிப்பவர்கள் முழங்காலால் பெட்டியை இறுக்கி அதை அடக்கிவிடுவார்கள். லிபுஷேயும் அப்படித்தான் அடக்கி வந்தாள். ஆனால் இந்தச் சொனாட்டாவின் மெதுவான பகுதி மெல்ல நடந்து வந்து, சரியாக அவளுடைய ஓநாயின் மேல்தான் நிற்கும். ஒத்திகையில் மெதோத் பியானோவிலிருந்து திரும்பாமலே, முழங்காலை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஹெட்போனில் அந்த இடத்தில் வெண்ணெய் தடவியது போல ஒரு நாதம். உறுமல் இல்லை.

"பழைய நாடாவில பழுதுன்னு நினைச்சு எடுத்துட்டாங்க, அத்தை."

"பொய் சொல்லாதே. உனக்குச் செல்லோ தெரியும்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு உண்மை வந்தது. எடுக்கச் சொன்னவன் அவனேதான். அம்மா போஜெனாவால் அந்த இடத்தைக் கேட்க முடியவில்லையாம். வேறொருத்தியின் வாத்தியத்தில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று தன் கணவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்ததே என்று, அது வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாளாம்.

லிபுஷேக்கு முகம் எரிந்தது. இத்தனை காலமாகத் தெருவில் பார்த்தும் பாராமல் போனாளே போஜெனா, அதற்குக் காரணம் இதுதானா?

"அது காதல்னு நினைச்சாளா உங்கம்மா?"

"வேற என்ன அது?"

"என் தம்பி வோய்த்தேக்கை ராத்திரியோட ராத்திரியா போலீஸ் பிடிச்சு, கைதிங்களை வேலை வாங்கற யாகிமோவ் சுரங்கத்துக்குக் கொண்டு போனாங்க. அவனுக்காக ஒரு வார்த்தை பேசுங்கன்னு உங்கப்பா கால்ல விழாத குறையா கேட்டேன். பதில் பேசாம பியானோவை மூடிட்டார். அடுத்த வாரம் இந்தச் சுரத்தை எழுதிட்டு வந்தார்."

ரதிம் எழுந்து நின்றான். "அப்பாவைக் கோழைன்னு சொல்றீங்களா?" அவன் குரலும் ஏறியது. அவர் வாய் திறந்திருந்தால் அவரும் சுரங்கத்துக்குத்தான் போயிருப்பார், தான் அப்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை என்றான்.

"கோழைதான். அதுக்காக நான் அவரை மன்னிக்கவே இல்லை. வாழ்நாள்ல ஒரே ஒரு சுரத்துல மட்டும் அவர் கோழையா இல்லை. வாயால பேசாததை அந்த உறுமலால வானொலியிலேயே பேசினார். அதையும் நீ துடைச்சுட்டே."

சுவருக்கு அப்பால் யாரோ டிராம்போன் ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்த உறுமல் திரும்பி வராவிட்டால் தன் வாசிப்பை வெளியிடச் சம்மதமில்லை, ஒலித்தட்டின் அட்டை அச்சாகியிருந்தாலும் சரி, கிழித்துப் போடு என்றாள் லிபுஷே. அவள் மிரட்டவில்லை, செய்யப்போவதைத்தான் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும்.

ரதிம் பழைய நாடாவை எடுத்து இயந்திரத்தில் மாட்டினான். மெதுவான பகுதி நடந்து வந்து நின்றது. ஒலிபெருக்கி அதிர்ந்தது. அடைத்துப் போட்ட மிருகம் கதவில் மோதுவது போல இருந்தது. எத்தனையோ தடவை கேட்டவன்தான். இந்தத் தடவை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"இதை இப்படியே போட்டுடறேன்" என்றான் கடைசியில். "அம்மாகிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அப்பா இதைப் பத்தி வீட்டுல வாயே திறந்ததில்லை."

தணியத் தொடங்கியிருந்த லிபுஷேயின் கோபம் மறுபடி குப்பென்று ஏறியது. இந்தத் தடவை அது செத்துப்போனவர்மேல். கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் போயிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, இரண்டு பெண்களையும் ஆளுக்கொரு பக்கம் எரியவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அந்த நாடாவை எடுத்துக்கோ. வண்டியை எடு. போஜெனாகிட்ட நானே சொல்றேன்."

"அம்மா கதவைத் திறக்க மாட்டாங்க, அத்தை."

"திறக்கிறவரைக்கும் தட்டுவேன். நீ வா."