கேமராவோடு வந்த கண்

எங்கள் ஊரில் கேமரா மட்டும்தான் கடையில் கிடைக்கும். லென்ஸுக்கு ஆள் பார்க்கவேண்டும்.

கேமரா வாங்கும் வீட்டில் யாராவது ஒருவருடைய வலது கண் அதோடு சேர்ந்துவிடும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. என் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் கல்யாணப் போட்டோ எடுக்கத் தொடங்கியபோது என் கண் சேர்ந்தது. இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் டக்கென்று கழன்று வரும், வலிக்காது. கழன்ற இடத்தில் ஒரு கறுப்பு மூடியைப் போட்டுக்கொண்டு, மிச்சமிருக்கும் கண்ணால் வீட்டு வேலையைப் பார்க்கலாம். கழன்று போன கண் எங்கே இருந்தாலும் அது பார்ப்பது உடையவளுக்குத் தெரியும். அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டே நான் பார்க்காத கல்யாணம் இந்த வட்டாரத்தில் இல்லை.

லென்ஸ் கேமராவுக்கு முன்னால் இருக்கும், அவர் பின்னால் இருப்பார். அதனால் அவர் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் நானும் திரும்புவேன். அவர் மணப்பெண்ணை நெருங்கினால் நானும் நெருங்குவேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கேமராவில் பார்த்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

கண்ணாடிக் கடை அண்ணாச்சி என் கண்ணைச் சோதித்துவிட்டு, பதினெட்டு - ஐம்பத்தைந்து என்றார். அதாவது கொஞ்சம் அகலமாகவும் தெரியும், கொஞ்சம் கிட்டத்திலும் தெரியும். எல்லாம் தெரியும், எதுவும் பிரமாதமாகத் தெரியாது. "குடும்பத்துக்கு ஏத்த கண்ணும்மா" என்றார். ஊரில் இதைக் கிட் லென்ஸ் என்பார்கள். கேமராவோடு சும்மா வந்தது என்று அர்த்தம். நான் ஒன்றும் சும்மா வரவில்லை. பீரோ, கட்டில், பதினொரு பவுன் நகையோடுதான் வந்தேன். அதையெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆவணி மாதம் ஒரு பெண் வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். தாலி கட்டும் படத்தில் தாலி தெளிவாக இருந்தது. பின்னால் மேளக்காரர் பல் குத்துவதும் அதே அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"நாங்க பொண்ணைப் பாக்கவா, பல்லைப் பாக்கவா?" என்று கேட்டார் பெண்ணின் சித்தப்பா.

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஸ்டூடியோக்காரரின் ஆல்பம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து புரட்டிக்கொண்டிருந்தார். அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள், மற்ற சனம் பனியாகப் போயிருந்தது.

"அவன்கிட்ட நாலு கண்ணு இருக்கு, செண்பகம். நமக்கும் இன்னொண்ணு வேணும். உன்னைக் குறை சொல்லல."

குறை சொல்லல என்று ஒருவர் சொன்னால் அது குறைதான். ஆனால் பட்ஜெட்டுக்குள் ஒரு கண் பார்க்க நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன். நல்ல கண்ணாகப் பார்ப்பதற்காக இல்லை. வயசான ஆம்பளைக் கண்ணாகப் பார்ப்பதற்காக.

முதலில் கயத்தாறுக்குப் போனோம். அங்கே காற்றாலைக் காவல்காரர் ஒருவருக்குத் தூரப் பார்வை. நாங்கள் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே என் ரவிக்கையில் ஒரு ஊக்கு குறைவதைப் பார்த்துவிட்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஊக்கை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். அருமையான கண். கழற்றிக் கையில் கொடுத்தார், அம்மிக்குழவி கனம் கனத்தது. அவர் கேட்ட தொகைக்கு இன்னொரு கேமராவே வாங்கலாம். அவருடைய தம்பி பாதிக் காசுக்கு வருவதாகச் சொன்னார். அவருக்கும் அதே தூரம் தெரியும், ஆனால் மாலைக்கண். மண்டபத்துக்குள் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது.

"தம்பியவே வச்சிக்கிடுவோம். பகல் கல்யாணமா, வெட்டவெளியில நடக்குற கல்யாணமா ஒத்துக்கிடுங்க" என்றேன்.

"வெட்டவெளியில யாரு கல்யாணம் வைக்கா?" என்றார் அவர்.

அடுத்து காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். தலையைத் திருப்பாமலே சந்தையின் இரண்டு வாசலையும் பார்ப்பார். வாடகையும் கம்மிதான். ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் அவர் கண்ணுக்கு வளைந்து தெரிவார்கள். கல்யாணத்தில் ஓரத்தில் நிற்பது எப்போதும் சம்பந்திகள்தான். சம்பந்தியை வளைத்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், வந்துவிட்டோம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி மருந்தைச் சோதிக்கும் ஒரு அம்மாளுக்குச் சாண் தூரத்துக்குள் இருப்பது மட்டும் தெரியும். பெண்ணின் மூக்குத்தித் துளை ஆல்பத்தில் ஒரு பக்கத்தை அடைத்துவிடும் என்று அவரே வேண்டாம் என்றார். எனக்கு மனசு லேசானது. இந்த ஊரில் நம் பட்ஜெட்டுக்குக் கண் கிடையாது என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது அவர் காலில் ஆணி குத்தியது. என் கெட்ட நேரம். ஊசி போட்டுக்கொள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஊசி போடும் நர்ஸ் ஜெபராணி தன் எதிரே உட்காருகிறவரை மட்டும் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் வெண்ணெயாக உருகிப்போனார்கள். அவரவர் முறை வந்ததும் மறுபடி இறுகி, நாற்காலியில் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"ஐம்பது" என்றார் மெதுவாக.

அது அவளுடைய கண்ணின் எண். என் பெயரை அவர் ஒருநாளும் அந்தக் குரலில் சொன்னதில்லை.

ஜெபராணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி, இங்கே ஹாஸ்டலில் இருந்தாள். கண்ணுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் சிரித்தாள்.

"காசெல்லாம் வேண்டாம்ணே. ஹாஸ்டல் சாப்பாடு நாக்குக்கு ஒத்துக்கிட மாட்டேங்குது. மத்தியானம் வீட்டுச் சோறு குடுத்தாப் போதும்."

பட்ஜெட்டில் அடங்கிவிட்டது. சமைப்பது நான்.

அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைத் தோளில் தொங்கிய கேமராவில் மாட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னைச் சுவரோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். படத்தில் ஆஸ்பத்திரி இல்லை, வரிசை இல்லை, பினாயில் வாளி இல்லை. நான் மட்டும் இருந்தேன். அழகாக இருந்தேன். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

"இத்தனை நாளா எங்க இருந்தே, செண்பகம்?" என்றார் அவர். படத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி எங்கள் ஸ்டூடியோவில் மாட்டினார். ஜெபராணி மேல் எனக்குப் பொறாமை என்றால், படத்தில் இருந்தவள் மேல் அதைவிட அதிகம். அவள் இட்லிக்கு அரைக்கவில்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பவில்லை. சும்மா நின்றாள், அவர் நாளெல்லாம் பார்த்தார். ஸ்டூடியோவைக் கூட்டிப் பெருக்கும்போது மற்ற படங்களைத் துடைத்துவிட்டு அவளை மட்டும் துடைக்காமல் விட்டேன். தூசி படிந்தும் அழகாகத்தான் இருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாக் கல்யாணத்துக்கும் ஐம்பதுதான் போனது. என் கண்ணையும் கூடவே கொண்டுபோனார், ஆனால் பையை விட்டு எடுப்பதில்லை. அடுப்படியில் நான் நின்றேன், இடது கண்ணில் ரசம் கொதித்தது, வலது கண்ணில் பைக்குள் இருக்கும் இருட்டு. ஜிப் சரியாக மூடாத நாட்களில் அவருடைய செருப்பு ஒன்று தெரியும். அந்த நேரத்தில் ஜெபராணி யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டே அவர் திரும்பும் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பாள். அதை நினைத்துக்கொண்டே ரசத்தைத் தேவைக்கு மேல் கிண்டுவேன்.

ஐம்பதில் கிட்டே இழுக்கும் வசதி இல்லை. நெருக்கமாக வேண்டுமென்றால் அவரே முன்னால் நடக்கவேண்டும், அகலமாக வேண்டுமென்றால் பின்னால் நடக்கவேண்டும். நடந்து நடந்து அவருக்குத் தொப்பை கரைந்தது. ஊரில் எல்லோரும் ஆள் இளைஞனாகிவிட்டார் என்றார்கள். இளைத்த இடுப்புக்கு அவருடைய பேன்ட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவள் நான்.

மத்தியானச் சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டேன். ஜெபராணி வழித்துச் சாப்பிட்டாள்.

"எங்க ஊர்ல இப்படித்தான்க்கா உப்பு போடுவாங்க. எங்கம்மா கை மாதிரியே இருக்கு."

அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். மாலையில் வரவேற்பு, குடும்பமாக நின்று குரூப் போட்டோ எடுக்கவேண்டும். அதற்கு முந்தைய கல்யாணத்தில் ஐம்பதுக்குள் அடங்காமல் ஒரு தாய்மாமன் வெளியே விழுந்துவிட்டார். படத்தில் இல்லை என்று ஆனபிறகு அவர் பந்தியிலும் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் உன் கண்ணையும் மாட்டணும். குரூப்புக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாயில் படுத்துத் தூங்கினார்.

குரூப்புக்கு மட்டும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். அவள் கண்ணில் நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணில் எப்படி இருக்கிறேன் என்று தெரியாது. அதைவிட, அவர் கண்ணில் அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். போட்டோக்காரர் கண்ணை யாரும் கழற்றுவதில்லை, அதனால் அதற்கு எண்கூடப் போட்டதில்லை. இடப்பக்கம் கால் சுற்று திருப்பினேன். டக்கென்று வந்தது. வெறுங்குழியாக விட மனசு வரவில்லை, பையில் இருந்த என் கண்ணை எடுத்து அவருக்கு மாட்டினேன். அவருடையதை நான் மாட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. போகும் வழியில்தான் யோசனை வந்தது. அவர் கண் பார்ப்பது அவருக்கும் தெரியும், தூங்குகிறவருக்கு அது கனவாகப் போகும். அவர் கனவில் ஜெபராணியை நானே கொண்டுபோய் விடப்போகிறேன். பாதி வழி வந்தாயிற்று, திரும்பவும் பிடிக்கவில்லை.

வரிசையில் நின்று, என் முறை வந்ததும் இடது கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். வெள்ளைச் சீருடை தெரிந்தது. அதற்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு வலது கண் மட்டும் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பையில் கிடக்கவேண்டிய கண் அங்கே இருந்தது. அவளைத்தான் காணோம்.

"வாங்கக்கா, என்ன செய்யுது?" என்று சீருடையிலிருந்து குரல் வந்தது.

வரிசையில் நின்றுவிட்டதால் ஒரு ஊசியும் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போகப் பயமாக இருந்தது. அடுப்பில் பாலை வைத்தேன், ரசத்தைக் கிண்டினேன், கிண்டிய கரண்டியோடு பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இடது கண்ணை மூடினேன். எண்ணெய் வழியும் நெற்றி இருந்தது. ஊக்குக் குறைந்த ரவிக்கை இருந்தது. முந்தானையில் மஞ்சள் கறை, கையில் கரண்டி, கால் விரலில் மெட்டி. பின்னால் கேஸ் சிலிண்டரும், கொடியில் பிள்ளையின் யூனிஃபார்மும், வாயைத் திறந்து தூங்கும் அவரும் தெளிவாக இருந்தார்கள். அழகெல்லாம் இல்லை, சுமார்தான். ஆனால் முழுசாக இருந்தேன். எண்ணைக் கேட்கக் கண்ணாடிக் கடைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. பதினெட்டு - ஐம்பத்தைந்து.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கனவுல ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில நின்னு ஊசி போட்டுக்கிட்டேன்."

"யாரு போட்டா?"

"யாருன்னு தெரியல. அப்புறம் நீ நின்னே."

"எப்படி இருந்தேன்?"

"எப்பவும் போலத்தான்" என்றார்.

அதை நான் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. அவர் முகத்தில் இருந்த என் கண் அதைப் பார்த்துவிட்டது. எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பால் பொங்கிப் பார்த்ததில்லை.

புறப்படும்போது குரூப்புக்குக் கண் எங்கே என்று கையை நீட்டினார். அவருடைய கண்ணைக் கழற்றி, துணியால் துடைத்து, பைக்குள் வைத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே எண், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாலையில் அடுப்படியில் நின்றபடியே மண்டபத்தைப் பார்த்தேன். என் கண் அவர் முகத்தில் இருந்ததால் முதல்முறையாகக் கேமராவுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். அவருடைய விரல் தெரிந்தது. அன்று அவர் வேறு கண்ணைத் தேடவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஜெபராணி சாப்பிட வந்தாள்.

"நேத்து சாயங்காலம் பூராவும் ஒரே இருட்டுக்கா" என்றாள்.

"பழகிரும்" என்றேன்.

அன்று குழம்பில் உப்பை அளவாகப் போட்டிருந்தேன். அவள் பாதிச் சோற்றை வைத்துவிட்டாள்.

ஆல்பம் தயாரானது. குரூப் போட்டோவில் தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரைக்கும் எல்லோரும் அடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் முழுசாக விழுந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் கண் பீரோக் கண்ணாடியில் பார்த்தபடியே, மஞ்சள் கறை பட்ட முந்தானையோடு, கையில் கரண்டியோடு நான் நின்றிருந்தேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். ஆல்பத்தை யாரும் திருப்பிக்கொண்டு வரவில்லை.

தை மாதம் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம். தாம்பூலத் தட்டோடு வந்து எனக்குத் தனியாகப் பத்திரிகை வைத்தார்கள். போனமுறை நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், கரண்டியை மறந்துவிட வேண்டாம் என்று தாய்மாமன் சொல்லிவிட்டுப் போனார்.