சூடும் சொரணையும்

உலோகத் தகட்டை ஆயிரத்து எண்ணூறு டிகிரிக்குச் சூடேற்றியும் எலக்ட்ரான்கள் அதைவிட்டு வெளியேற மறுத்தன. தகடு பழுத்துச் செக்கச்செவேலென்று நின்றது. எதிரே, தலைமுடி அளவு இடைவெளியில், குளிர்ந்த தகடு ஒன்று காத்திருந்தது. சூடான தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் இதற்குத் தாவினால் அதுதான் மின்சாரம். சூரிய வெளிச்சம் எட்டாத தூரத்துக்குப் போகவிருக்கும் விண்கலத்தில், அணு உலையின் வெப்பத்தை மின்சாரமாக்க இதைத்தான் நம்பியிருந்தோம். ஆய்வுக்கூடத்தில் உலைக்குப் பதில் மின் அடுப்பு. எல்லாம் சரியாக இருந்தது. மீட்டரின் முள் மட்டும் அசையவில்லை. வியாழக்கிழமை இயக்குநர் வந்து பார்க்கும்போதும் அசையாவிட்டால் எங்கள் பிரிவை இழுத்து மூடிவிடுவார்கள்.

வெளியேற மறுக்கும் ஒருவன் என் வீட்டிலும் இருந்தான். மனைவியின் தம்பி. ஒரு வாரம் தங்கி வேலை தேடுகிறேன் என்று வந்தவன், மூன்று வருடமாகச் சோபாவில் வேர்விட்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை மனைவி போன் செய்தாள். கையில் உறை மாட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். என்னிடம் பேச ஆரம்பித்தவள் பாதியில் தம்பி பக்கம் திரும்பிவிட்டாள். "கழுதை வயசாச்சு. உனக்கெல்லாம் சூடு சொரணை இருக்காடா?"

முள் துள்ளியது.

மறுபடி திட்டச் சொன்னேன். காரணம் கேட்காமல் திட்டினாள். முள் இன்னும் ஏறியது. பிறகு நாங்களே தகட்டைத் திட்டிப் பார்த்தோம், பலனில்லை. வாய்க்குப் பேர்போன கணக்குப் பிரிவு அம்மாவை அழைத்து வந்தோம். அவர் பேசியதில் எங்களுக்குத்தான் காது கூசியது. எலக்ட்ரான்கள் காதிலேயே வாங்கவில்லை. என்னோடு வேலை செய்யும் இயற்பியல்காரர் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, அதை நெடுநேரம் முறைத்துவிட்டுச் சொன்னார்: "நாம சூடு மட்டும்தான் குடுத்திருக்கோம். சொரணை குடுக்கல."

வியாழக்கிழமை மனைவியை அழைத்துப் போனேன். கேன்டீன் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டு மச்சானும் ஒட்டிக்கொண்டான். இயக்குநர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி கண்ணாடி வழியே தகட்டை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் இளகிவிட்டது.

"இதையாங்க திட்டணும்? ஏற்கெனவே வெந்து நொந்து கிடக்கு." பிறகு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "யார் என்ன சொன்னாலும் நீங்க எங்கயும் போக வேணாம்பா. இத உங்க வீடா நினைச்சுக்கோங்க" என்றாள்.

முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது.

மச்சான் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியாக்கா?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் வெளியே நடந்தான்.

அவன் படியிறங்க, முள் எழுந்தது. வளாகத்தைக் கடக்கக் கடக்க ஏறியது. ஒருவன் கிளம்பியதும் மற்ற எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது என்று இயற்பியல்காரர் கிசுகிசுத்தார். இயக்குநர் ஒரு கண்ணை ஜன்னலிலும் இன்னொன்றை மீட்டரிலும் வைத்துக்கொண்டு, யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவிட்டார்.

ஒரே கல்லில் எனக்கு இரண்டு மாங்காய். மனைவி மீட்டரைப் பார்க்கவே இல்லை. "அவனுக்குப் போக்கிடம் ஏதுங்க?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மச்சான் கேட்டை எட்டியிருந்தான். நான் ஜன்னலைத் திறந்தேன். இயக்குநர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்தேன், வாயில் வரவில்லை. "டேய் மச்சான், எதிர்க்கடையில பால் வாங்கிட்டு வா" என்று கத்தினேன்.

அவன் நின்றான். யோசித்தான். "ஒரு பாக்கெட்டா, ரெண்டா மாமா?"

"ரெண்டு."

போனான், முள் ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பி வந்தான்; முள் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்தது. மனைவி பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, இது நேற்றைய பால் என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்.

இந்தக் கருவியில் மின்சாரம் ஒரே திசையில்தான் ஓடும் என்று நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். இயக்குநரும் படித்திருந்தார்.

"இது என்னய்யா?"

"மாறுமின்னோட்டம் சார். போயிட்டுப் போயிட்டு வருது."

பிரிவை மூடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. முள்ளையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, விண்கலத்துக்குள் ஒரு பால் கடைக்கு இடம் இருக்குமா என்று கேட்டார். வரைபடத்தை மேசையில் விரித்தோம். எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் கொஞ்சம் இருந்தது.