நிலாவுக்குப் போய் வந்தவள்

தில்லையம்மாள் தலையில் அந்த வெள்ளை வாளியைக் கவிழ்த்தார்கள். நிலாவுக்குப் போனவன் மாட்டியிருந்த தலைக்கவசத்தின் மாதிரியாம். மெட்ராஸ் மியூசியத்தில் அன்று குடும்பம் குடும்பமாக வந்து எதையும் தொட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கலாம். டாக்டர் கைவிரித்த பிறகு அவள் ஆசையாகக் கேட்டது இது ஒன்றுதான். மகன் உமாபதி கூட்டி வந்துவிட்டான். பரப்பி வைத்த சாம்பல் மணலில் அவள் கால் பதித்தாள்.

"பாத்து. வூட்லயே கெடன்னா கேக்கறியா?" என்றார் அவள் புருஷன் கண்ணாயிரம்.

"நெலாவுல நிக்கறேன். இங்கயும் வந்து கத்தாதய்யா."

"நெலாவா? பாலாத்து மணல சலிச்சிக் கொட்டி வெச்சிக்கிறான். ராக்கெட்டும் டூப்பு, போனவனும் டூப்பு."

சாயங்கால பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். முப்பது வருஷம் ஒரே தறிப்பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடாக்கட்டை தள்ளியவள். அவள் மூச்சு போவதும் வருவதும் அவருக்கு மனப்பாடம். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அந்த மூச்சு போயிற்று. திரும்பி வரவில்லை.

அவர் கத்தவில்லை. தெரிந்தால் நடுவழியில் இறக்கிவிடுவார்கள். அதுகூடப் பெரிதில்லை. வெளியில் உயிர் போன உடலை அவர் தெருவில் வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். தெருவிலேயே பந்தல் போட்டுக் கிடத்திவிடுவார்கள். அவள் மெழுகின வீட்டுக்குள் அவள் போகக்கூடாதா? எவன் போட்ட சட்டம்?

"இன்னும் இன்னா கேக்கற?" என்றார் உரக்க. முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். "சரி, போனான்னே வெச்சிக்கோ. கால வெச்சான், கொடி நட்டான். எல்லாம் நெஜம். போதுமா? தூங்கு."

பின்சீட்டிலிருந்து உமாபதி எட்டி அம்மா கையைத் தொட்டான். முகம் மாறிற்று.

"நைனா..."

"தூங்குதுடா. வாய மூடிக்கினு உக்காரு."

அவன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

பொன்னேரிக்கரையில் கண்டக்டர் வந்து நின்றான். அவளைப் பார்த்தான். கண்ணாயிரத்தைப் பார்த்தான். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வூடு எங்க, பெரியவரே?"

சொன்னார்.

"அண்ணே, ஸ்டாப் இல்லாட்டியும் பரவால்ல. புள்ளையார் கோயில் முனையில நிறுத்து" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தான்.

அப்பனும் மகனும் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் ஓடி வந்தாள்.

"ஐயையோ, இன்னா ஆச்சி?"

பின்னாலிருந்து கண்டக்டரின் குரல் வந்தது.

"பஸ்ஸுல ஒரே தூக்கம்மா. அசதி. வழி வுடுங்க."

படி தாண்டி உள்ளே போனார்கள். சீட்டுக்கடியில் அவள் கழற்றி விட்டிருந்த செருப்பு கண்டக்டர் கையில் இருந்தது. அதை வாசலோரம் ஜோடியாக வைத்தான். ஒன்று கொஞ்சம் கோணிக்கொண்டு நின்றது. குனிந்து நேராக்கினான். தெருமுனையில் பஸ் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.